அடுத்த புதன்கிழமையின் எடை

2021 ஆகஸ்ட் மாதம் நாலாவது புதன்கிழமை, கைதவிளைக்கு வந்த தடுப்பூசிப் பெட்டி இருநூற்றுப் பத்து கிலோ எடை இருந்தது. கொப்பரைக் கொட்டகையில் மூட்டை நிறுக்கிற தராசில் வைத்துத்தான் நிறுத்தார்கள். ஆட்டோ ஓட்டுகிற இஸ்ரவேலும் சுமைதூக்குகிற மூன்று பேரும் சேர்ந்து அதை இறக்கினார்கள். தராசில் பிழை இருக்குமோ என்று ஒரு கொப்பரை மூட்டையை வைத்துப் பார்த்தார்கள். அது சரியாகத்தான் காட்டியது. அன்றைக்கு உரித்த தேங்காய் கிலோ முப்பத்தொரு ரூபாய், ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காய் நாற்பது. பெட்டிக்குள் இருந்ததெல்லாம் எட்டுச் சின்னக் குப்பிகளும் நாலு ஐஸ்கட்டிகளும். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து எடுக்கும்போது கிராம சுகாதார செவிலியர் பிரீனா அதை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையில் குடையும் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

அதற்கு மூன்று மாதம் முன்பு வைகுண்டராஜன் இறந்திருந்தார். வயது ஐம்பத்தெட்டு. அந்தக் கொப்பரைக் கொட்டகை அவருடையது. கொரோனா ஊசி வந்தபோது ஊரில் முதலில் போட்டுக்கொண்டவர் அவர்தான். நீங்கள் போட்டால் ஊருக்கு ஒரு தைரியம் வரும் என்று பிரீனா கேட்டுக்கொண்டதற்காகப் போட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுப் பள்ளிக்கூட வராந்தாவில் அவர் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிற போட்டோ எல்லார் வாட்ஸ்அப்பிலும் போனது. மூன்றாம் நாள் காலை பஸ்ஸுக்காக நிற்கும்போது சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. இதயம் நின்றுபோனதாக டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஊர் அந்தக் காகிதத்தை வாங்கி வாசித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தது. பிறகு அதே போட்டோ இரண்டாவது முறையும் எல்லார் வாட்ஸ்அப்பிலும் போனது, கீழே வேறு வாசகத்துடன்.

ஆனால் பிரீனாமேல் யாருக்கும் கோபமில்லை. ஒன்பது வருடமாக ஊர்ப் பிள்ளைகளுக்கு அவள்தான் ஊசி போட்டுவந்தாள். எந்தப் பிள்ளை ஊசியைப் பார்த்தால் சிரிக்கும், எது கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தவிர, கைதவிளையில் முற்றத்தில் வந்து நிற்கிறவரிடம் இல்லை என்று சொல்கிற வழக்கம் கிடையாது. அரிசி தீர்ந்தால் நிறைந்திருக்கிறது என்பார்கள். பெண் கேட்டு வந்தவர்களைக்கூட வேண்டாம் என்று திருப்பியதில்லை. பிள்ளை படிக்கிறாள், பிறகு பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லி, அந்த மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்த வீடு ஒன்று உண்டு. கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர்களும் சரி, அய்யாவழி நிழல்தாங்கலுக்குப் போகிறவர்களும் சரி, இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான். அதனால் பிரீனா பெட்டியோடு வந்து நின்றால் சாயா கொடுத்தார்கள், பலாச்சக்கைப் பழம் கொடுத்தார்கள், தப்பாமல், அடுத்த புதன் போட்டுக்கிடலாம் சிஸ்டரே என்றார்கள். அப்படி ஒவ்வொரு வீடு சொன்னபோதும் பெட்டியில் ஒரு கிலோ நானூறு கிராம் கூடியது.

இதை முதலில் கண்டுகொண்டது இஸ்ரவேலின் ஆட்டோ. வடக்குத் தெரு முடிவதற்குள் பின்சக்கரங்கள் இரண்டும் அழுந்திப்போயின. கனம் எந்த வீட்டில் ஏறுகிறது என்று அவர் கவனித்துக்கொண்டே வந்தார். வைகுண்டராஜனின் மனைவி செல்லக்கனியின் வீட்டு முன்னால் மட்டும் வேறு மாதிரி நடந்தது. செல்லக்கனி நடையிலிருந்து இறங்காமலே சொன்னாள்: "எனக்க மாப்பிள்ளையக் கொண்டுபோன சாதனம் எனக்க நடையில ஏறப்பிடாது. உனக்குச் சாயா வேணும்னா குடிச்சிட்டுப் போ. ஊசி வேண்டாம்." அவள் சொல்லி முடித்ததும் ஆட்டோ கொஞ்சம் எழும்பியது. இஸ்ரவேல் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "மக்கா பிரீனா, வண்டி ஒரு விரக்கடை பொங்கிட்டு, பாத்தியா?" என்றார். கொட்டகையில் நிறுத்துப் பார்த்தபோது, செல்லக்கனி சொன்ன வார்த்தைக்கு எடையில்லை என்பதோடு, அது முந்தின வீட்டு எடையையும் கொஞ்சம் கழித்திருந்தது தெரிந்தது.

அன்றிலிருந்து பிரீனா வீடு வீடாகப் போய், வேண்டாம் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்ச ஆரம்பித்தாள். இந்த மாவட்டத்தில் வேறெந்தச் செவிலியரும் செய்யாத வேலை அது. சாயாக்கடை தாணுவிடம், "அண்ணா, மனசுல வேண்டாம்னு இருந்தா வேண்டாம்னே சொல்லிப்போடுங்க. நான் வெஷமிக்கமாட்டேன், எனக்கு வருத்தமொண்ணுமில்ல," என்றாள். தாணு ஆற்றிக்கொண்டிருந்த சாயாவை அப்படியே நிறுத்தினார்.

"அதெப்பிடி சிஸ்டரே? எனக்க ரெண்டு பிள்ளையளுக்கும் நீங்கதான ஊசி போட்டது? உங்க மொகத்தப் பாத்து வேண்டாம்னு சொல்லதுக்கு எனக்க நெஞ்சு என்ன கல்லா?"

"அப்பம் போட்டுக்கிடுங்க."

"போட்டிரலாம். அடுத்த புதன்."

வெளியே ஆட்டோ முனகியது. இஸ்ரவேல் உள்ளே எட்டிப் பார்த்து, "ஓய் தாணு, உமக்கு நாக்குக்குப் பதிலா படிக்கல்லா வச்சிருக்கு?" என்றார். "நீரு போட்டீரா, அதச் சொல்லும்," என்றார் தாணு. "நான் வண்டி ஓட்டுகவனாக்கும். ஊசி வேற டிப்பார்ட்மெண்டு," என்றார் இஸ்ரவேல். அவரும் அதற்கு முந்தின புதன்கிழமை, அடுத்த புதன் என்றுதான் சொல்லியிருந்தார்.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்தார். பெட்டியின் பிடி பழுது என்று எழுதிக்கொண்டு புதுப் பெட்டி கொடுத்தார். ஊர் எல்லையைத் தாண்டியதும் புதுப் பெட்டி பழைய பெட்டியின் எடைக்கு வந்துவிட்டது. பால்கேனில் வைத்துக் கொண்டுவந்தாள், பிளாஸ்கில் கொண்டுவந்தாள், ஒரு தடவை ஒரே ஒரு குப்பியை ஐஸில் பொதிந்து உள்ளங்கையில் கொண்டுவந்தாள். எல்லைக்கல் பக்கம் வந்ததும் கை கீழே போய்விட்டது. மூன்று வாரம் கட்டுப்போட வேண்டிவந்தது. கொரோனா ஊசியில் ஆரம்பித்தது, அடுத்த வருடமே பிள்ளைகளின் ஊசிக்கும் பரவியது. எந்த ஊசி எதற்கு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாம் ஒரே பெட்டியில்தானே வருகிறது என்றார்கள். 2023 மழையில் பெட்டி நாற்சந்தியில் சாலையை உடைத்துக்கொண்டு இறங்கியது. ஜேசிபி வந்து பார்த்துவிட்டுப் போனது. பஸ் இப்போது அந்த இடத்தில் கொஞ்சம் ஒதுங்கிப் போகிறது. பிரீனா அதற்குப் பிறகு ஊருக்குள் பெட்டி கொண்டுவருவதை விட்டாள். ஊருக்கு வெளியே கால்வாய்ப் பாலத்தில், எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், புதன்கிழமை தோறும் வேறொரு பெட்டியும் குடையுமாக உட்கார்ந்தாள். அங்கே பெட்டிக்குப் பெட்டியின் எடை மட்டும்தான் இருந்தது. செல்லக்கனியின் வீட்டிலிருந்து பாலம் எழுநூறு அடி. பஸ்ஸில் போகிறவர்கள் அவளைப் பார்த்துக் கையசைத்தார்கள். அடுத்த புதன் என்று ஜன்னல் வழியாகச் சைகையும் காட்டினார்கள்.

இதற்கிடையில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு ஊசி போட்ட சர்ட்டிபிகேட் தேவைப்பட்டது. அவர்கள் நாகர்கோவிலுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்து, சாராயம் குடித்தவனைப் போல வீட்டில் சொல்லாமல் இருந்தார்கள். காய்ச்சல் வந்தால் மழையில் நனைந்ததாகச் சொன்னார்கள். ஊரில் ஊசி போட்டவர்கள் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் போட்டிருப்பதாக நினைத்தார்கள்.

செல்லக்கனியின் ஒரே மகன் மகேஷ்குமார் கத்தாரில் வேலை பார்த்தான். 2024 ஏப்ரலில் லீவில் வந்து சுபிதாவைக் கல்யாணம் செய்தான். சுபிதாவுக்குத் தாய் இல்லை. தகப்பன் வேறு கல்யாணம் செய்து கேரளத்துப் பக்கம் போய்விட்டார். 2025 ஜனவரியில் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. நந்தனா என்று பேர் வைத்தார்கள். பிறந்த அன்று போடுகிற ஊசியை ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டார்கள், யாரையும் கேட்கவில்லை. ஆறாவது வாரத்து ஊசிக்குப் பிரீனா வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து நினைவுபடுத்தினாள். செல்லக்கனி வேண்டாம் என்றாள். மகேஷ்குமார் வெள்ளிக்கிழமை லீவு நாளில் ஊசியால் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பற்றிய வீடியோக்களைத் தாய்க்கும் மனைவிக்கும் சேர்த்து அனுப்பிவிட்டு, நான் லீவில் வந்த பிறகு பார்ப்போம் என்று வாய்ஸ் மெசேஜ் போட்டான். சுபிதா இருவருக்கும் நடுவில் நின்று பிரீனாவிடம், அடுத்த புதன் கொண்டு வாறேன் சிஸ்டரே என்றாள்.

பாலத்திலிருந்த பெட்டியில் ஏற முடியாத கனம், அந்த வருடம் பிள்ளைகளில் ஏறத் தொடங்கியது. ஊரில் அப்போது நாலு கைக்குழந்தைகள் இருந்தன. பிள்ளை இடுப்பில் இருக்கும்போது கனக்கிறதென்று தாய்மார் முதலில் சந்தோஷப்பட்டார்கள். தரையில் விட்டால் சாதாரணமாக விளையாடின. அடுத்த புதன் என்று சொன்னவர்கள் தூக்கினால்தான் கனத்தன. மூன்று பிள்ளைகளைத் தாய்மார் கனம் அதிகமாவதற்குள் தங்கள் தாய்வீடுகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே கனம் இறங்கியது, ஊசியும் போட்டார்கள். சுபிதாவுக்குப் போக வீடில்லை. மற்றவர்கள் சொன்னால் ஒரு கிலோ நானூறு கிராம் என்றால், சுபிதா சொன்னதற்கு ஐந்து கிலோ கூடியது. வேண்டுமென்று மனதில் வைத்துக்கொண்டு தள்ளிப்போடுகிறவர்களுக்கு எடை அதிகம் என்று அப்போதுதான் தெரிந்தது. ரேஷன் கடைக்குப் போகிற வழியில் பாலத்தில் அவளைப் பார்த்த பிரீனா, "ஏட்டி, நீயாவது ஒரு தடவ வேண்டாம்னு சொல்லு. அந்தக் கனமாவது கொறையட்டும்," என்றாள்.

"எனக்கு வேணும் சிஸ்டரே. வேணும்ங்கதுனாலதான அடுத்த புதன்னு சொல்லுகேன்."

இதைச் சொன்னபோதும் ஐந்து கிலோ கூடியது.

ஆடி மாதத்துக்குள் சுபிதாவால் தன் பிள்ளையைத் தூக்க முடியாமல் போனது. பால் கொடுக்க அவளும் தரையில் படுத்துக்கொள்ள வேண்டும். செல்லக்கனி மட்டும் பேத்தியை ஒற்றைக் கையால் வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் முருங்கைக்கீரை பறித்தாள். அவள் ஒருநாளும் யாரிடமும் அடுத்த புதன் என்று சொன்னதில்லை. நாலு வருடமாக ஒரே வார்த்தைதான். அதனால் பிள்ளை அவள் கையில் ஏழரைக் கிலோவாகவே இருந்தது. தன்னைத் தூக்குகிறவள் என்றுதான் பிள்ளைக்கு அவளைத் தெரியும். தவழ ஆரம்பித்ததும் அது செல்லக்கனி நிற்கிற பக்கமே தவழ்ந்தது.

அக்டோபரில் கடற்கரையை ஒட்டிய ஓர் ஊரில் ஏழு பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டது. ஒன்று கண்ணைத் திறக்காமலே போய்விட்டது என்றார்கள். நந்தனாவுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. அந்த அம்மைக்கான ஊசியைப் போடுகிற வயது அதுதான். புதன்கிழமை காலை சுபிதா யாரிடமும் கேட்காமல் முற்றத்தில் இறங்கிப் பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இஸ்ரவேல் வந்தார். தாணு கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். நாலு பேர் சேர்ந்து பிடித்தபோது நாலு பேர் சொன்ன வார்த்தையும் சேர்ந்துகொண்டது. பலகையில் வைத்து இழுத்தாலும் அதே கணக்குதான். பாய் விரித்துத் தவழவிட்டார்கள். பிள்ளை திரும்பி வீட்டைப் பார்க்கத் தவழ்ந்தது. பிரீனா பாலத்தில் பெட்டியை வைத்துவிட்டு ஓடிவந்து கைகொடுத்தாள். அவளாலும் ஆகவில்லை. மாதா மாதம் மேலிடத்துக்கு அனுப்புகிற அறிக்கையில், கைதவிளை நிலுவை அடுத்த வாரம் முடிக்கப்படும் என்று நாலு வருடமாக எழுதிவந்தவள் அவள். பஸ்ஸை நிறுத்திக் கண்டக்டரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். யாரிடமாவது எதற்காவது அடுத்த வாரம் என்று சொல்லியிராத ஆள் அந்த வட்டாரத்தில் கிடைக்கவில்லை.

சுபிதா நடைக்கு வந்தாள். "அத்தே, நீங்க ஒண்ணு தூக்கிட்டு அங்கோட்டு வாங்க. ஊசி போடுகத நீங்க பாக்காண்டாம். கண்ண மூடிட்டு நின்னா போரும்."

"மாட்டேன்," என்றாள் செல்லக்கனி. இறங்கிவந்து, நாலு பேர் தூக்க முடியாமல் விட்ட பிள்ளையை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது பிள்ளை அவள் தோளுக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மகேஷ்குமார் வீடியோவில் கூப்பிட்டான். சுபிதா தரையில் கிடந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தாள். கடற்கரையில் ஏழு பிள்ளைகள் இப்போது பதினொன்றாகியிருப்பதைச் சொன்னாள். அவன் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "சுபி, நான் நாலு ஊசி போட்டிருக்கேன். இஞ்ச கம்பெனியில போடாம விசா புதுக்கமாட்டான். அம்மைட்ட சொல்லிராத. அப்பா போனதுக்குப் பெறவு அவியளுக்கு இது மட்டும்தான் ஒரு பிடிப்பாட்டு கெடக்கு. அதான் அந்த வீடியோல்லாம் அனுப்புகது," என்றான். செல்லக்கனி அடுக்களை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உருவுவதை நிறுத்தவில்லை. காம்பையும் சேர்த்து உருவிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை அவள் ஆள் விட்டுப் பிரீனாவை வீட்டுக்குக் கூப்பிட்டாள். நாலு வருடத்தில் முதல் தடவை நடைக்கு மேலே ஏற்றி நாற்காலி போட்டாள். உள்ளே போய், பீரோவில் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு மருந்துச்சீட்டை எடுத்துவந்து நீட்டினாள். வைகுண்டராஜன் இறந்த அன்று போட்டிருந்த சட்டைப் பையில் இருந்தது அது. "இதுல என்ன எழுதியிருக்கு, வாசி," என்றாள். செல்லக்கனிக்கே பத்தாம் வகுப்புவரை படிப்பு உண்டு.

பிரீனா வாசித்தாள். 2019இல் எழுதியது. நெஞ்சுவலி, இரண்டு அடைப்பு, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். கீழே மாத்திரைகள். "அண்ணன் மாத்திர எடுத்தாங்களா அக்கா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது. ரெண்டு கொல்லமா, பத்தொம்பதுலேருந்து, பக்கத்துல கெடந்தேன். ஒரு ராத்திரிகூட எனக்கு ஓர்மையில்ல, அவரு நெஞ்சத் தடவினதா." செல்லக்கனி சீட்டை வாங்கி மடித்தாள். "ஊசின்னா நீ கொன்னது. இதுன்னா நான்."

"நீங்க ஒண்ணும் செய்யல. அவரு சொல்லல்ல."

செல்லக்கனி சீட்டைத் திரும்பப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அடுக்களைக்குப் போய்ச் சாயா போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். கூட ஒரு தட்டில் வறுத்த ஏத்தங்காய் உப்பேரியும் வைத்தாள். பிரீனா குடித்து முடிக்கும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுபிதா கதவுக்குப் பின்னால் நின்றாள். கடைசியில் செல்லக்கனி, இதுவரை அவள் வாயில் யாரும் கேட்டிராத மெதுவான குரலில், "சரி மக்களே. மகேசும் போட்டிருக்கான். அவளுக்கும் போட்டிரலாம்," என்றாள். பிரீனா எழுந்தாள். சுபிதா வெளியே வந்தாள். "இன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல," என்றாள் செல்லக்கனி. "அடுத்த புதன் நானே தூக்கிட்டு வாறேன்."

பிறகு குனிந்து, பாயில் கையை நீட்டிக்கொண்டிருந்த பிள்ளையை எடுக்கப் போனாள். இரண்டு கையும் கொடுத்துப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, முட்டியை ஊன்றிப் பார்த்தாள். பிள்ளை விளையாட்டென்று நினைத்து அவள் மூக்கைப் பிடித்தது. பிரீனா திரும்பி முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்லக்கனி பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே சொன்னதைத் திருப்பி எடுக்கிறேன் என்று பாலம்வரை போய்ச் சொல்லிப் பார்த்தாள். வேண்டாம் என்று பழைய மாதிரி சத்தமாகவும் சொல்லிப் பார்த்தாள். மனதில் இல்லாததால் அதற்குப் பலனில்லை. மகேஷ்குமார் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். அடுத்த மாதம் தருவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறாராம்.

அந்த வீட்டில் இப்போது பிள்ளையைத் தூக்காமல் வளர்க்கிறார்கள். உட்கார்ந்த இடத்தில் குளிப்பாட்டுகிறார்கள். ராத்திரி மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் தரையில் படுக்கிறார்கள். பிள்ளை அழுதால் அதன்மேல் குனிந்துகொள்கிறார்கள், அது இரண்டு பேர் கழுத்தையும் பிடித்துக்கொள்கிறது. தட்டம்மை கண்ட பிள்ளைகள் பதினேழு ஆகியிருக்கிறது. அதில் இரண்டு, கைதவிளைக்கு அடுத்த ஊரில். நந்தனாவுக்குப் பதினோரு மாதம். போன வாரத்திலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். அவள் இன்னும் யாரிடமும் எதுவும் சொல்லாததால், அவள் காலுக்கு அவள் எடைதான். நடந்தால் பாலம்வரை நடந்துவிடலாம். கை விட்டு இன்னும் நிற்கவில்லை. பிரீனா புதன்கிழமைகளில் காலை எட்டு மணிக்கே வந்து, ஒரு குப்பியை ஐஸில் எடுத்துவைத்துவிட்டு, அந்த வீட்டுப் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். வீட்டிலிருந்து பாலம்வரை வழியில் கிடக்கிற கல்லையும் முள்ளையும் ஊர்க்காரர்கள் விடிந்ததும் பொறுக்கிப் போட்டுவிடுகிறார்கள்.